முறை வைப்பவர் யார்? கிரிட் கணிமை வரலாற்றில் சில பக்கங்கள்

சேலத்திலிருந்து கிழக்கே ஆத்தூர் செல்லும் சாலையில் சுமார் 10 கி.மீ. தொலைவில் இருக்கிறது அயோத்தியாப்பட்டணம். எங்கள் ஊர். நாயக்கர் காலத் தூண்களோடு நிற்கும் கோதண்டராமர் கோயிலைத் தவிர, வெளியூர்க்காரர்கள் இறங்கிப் பார்க்க இங்கே பெரிதாக ஒன்றுமில்லை. அந்தக் கோயிலுக்கு ஒரு தலக்கதை உண்டு. இராவண வதம் முடிந்து அயோத்திக்குத் திரும்பும் வழியில், முடிசூட்டுக்கு உரிய நேரம் இந்த இடத்திலேயே நெருங்கிவிட்டதாம். அயோத்தியோ இன்னும் வெகு தொலைவு. எனவே இராமன் இங்கேயே பட்டாபிஷேகக் கோலத்தில் காட்சி கொடுத்தான் என்றும், ஊருக்கு இப்பெயர் அதனால் வந்தது என்றும் பெரியவர்கள் சொல்வார்கள்.

கணினித் துறையில் பயின்ற நாங்கள் சிலர் கோயில் மண்டபத்தில் உட்கார்ந்து இக்கதையைப் பற்றி ஒருமுறை பேசிக்கொண்டிருந்தோம். செய்ய வேண்டிய பணி ஒன்று, அதற்கொரு கெடு. மிகப் பொருத்தமான இடம் தொலைவில் இருக்கிறது. கெடுவுக்குள் அதை எட்ட முடியாது. அப்போது கெடுவுக்குள் கிடைக்கும் இடமே பொருத்தமான இடம் ஆகிவிடுகிறது. கிரிட் கணிமை என்னும் துறையின் நடுச்சிக்கல் ஏறத்தாழ இதுதான். புராணத்திலேயே கணினி இருந்தது என்று நிறுவும் வகைக் கட்டுரை இதுவன்று, அஞ்சவேண்டாம். ‘எந்தப் பணி, எந்தப் பொறியில், எப்போது, யாருக்குப் பிறகு’ என்னும் கேள்வி எங்கள் தலைமுறையில் பலரது ஆய்வேடுகளின் பொருளாக இருந்தது. அக்கேள்வியின் வரலாற்றை இலக்கிய வாசகர்களுக்கும் சொல்லிப் பார்க்கலாம் என்றே எழுதத் துணிந்தோம்.

முதலில் பெயர். தொலைவிலிருக்கும் பல நிறுவனங்களின் கணினிகளை வலைப்பின்னலால் இணைத்து, ஒரே பெரிய கணினிபோல் பயன்படுத்தும் ஏற்பாடே கிரிட். இயான் ஃபாஸ்டர், கார்ல் கெசல்மன் ஆகிய இருவரும் தொகுத்து 1998இல் வெளிவந்த ‘தி கிரிட்’ என்னும் நூல் இச்சொல்லை நிலைநிறுத்தியது. அதற்கு முன்பே, 1995இல் சான் டியேகோவில் நடந்த ஒரு மாநாட்டுக்காக 17 இடங்களின் கணினிகளை இணைத்துக் காட்டிய ‘ஐ-வே’ என்னும் முயற்சி வழியமைத்திருந்தது. சொல் கடன் வாங்கப்பட்டது மின்சாரத் துறையிலிருந்து. சுவரிலுள்ள சுவிட்சைப் போடுகிறோம், விளக்கு எரிகிறது. மின்சாரம் எந்த அணையிலிருந்து வந்தது என்று யாரும் கேட்பதில்லை. கணிக்கும் திறனும் அவ்வாறே வந்துசேர வேண்டும் என்பது கனவு.

இந்த உவமை எங்கள் வட்டாரத்துக்கு எளிதில் விளங்கக்கூடியது. பைக்காரா புனல்மின் நிலையம் 1932இலும், மேட்டூர் புனல்மின் நிலையம் 1937இலும் மின்சாரம் தரத் தொடங்கின. பின்னர் அவை இணைக்கப்பட்டுத் தென்னாட்டு மின்தொகுப்பு வளர்ந்தது. நீலகிரியின் நீரும் காவிரியின் நீரும் ஒரே கம்பியில் கலந்து வந்தபோது எங்கள் விசைத்தறிகள் வேறுபாடு காணவில்லை.

ஆனால் உவமை இங்கேதான் இடறுகிறது. மின்சாரத்துக்கு ஊர், பேர், குணம் கிடையாது. கணினிக்கு எல்லாம் உண்டு. ஒன்றில் நினைவகம் குறைவு, மற்றொன்றில் இயங்குதளம் வேறு. ஒன்று பகலில் உரிமையாளருக்கே வேண்டும். இன்னொன்று விரைவானது, ஆனால் அதற்கு இட்டுச்செல்லும் இணைப்பு மெதுவானது. ஆகவே சுவிட்சைப் போட்டால் போதாது. பொறியைத் தேர்ந்தெடுக்க வேண்டும்; தேர்ந்தெடுத்த பொறியில் முறை வைக்க வேண்டும். மேலைநாட்டார் இவற்றை இரண்டு வேலைகளாகப் பிரிப்பர். நாம் தேர்வு என்றும் முறைவைப்பு என்றும் சொல்லிக்கொள்வோம்.

முறைவைப்பு கிரிட்டுக்கு முந்தியது. சென்னை ஐ.ஐ.டி.யில் ஐ.பி.எம். 370/155 கணினி 1973இல் நிறுவப்பட்டது. அக்காலத்தில் நிரலைத் துளையட்டைகளில் குத்தி, கட்டாகக் கட்டிக் கொடுத்துவிட்டு, விடைத்தாளுக்குக் காத்திருக்க வேண்டும். ஒரு காற்புள்ளி தவறினால் மறுபடியும் வரிசையின் கடைசி. பொறி ஒன்று, கேட்போர் பலர். சிக்கல் எளியது, வலி பெரியது. எண்பதுகளில் மேசைக் கணினிகள் பெருகியபோது நிலைமை தலைகீழானது. பொறிகள் பல, அவற்றுள் பெரும்பாலானவை இரவெல்லாம் சும்மா கிடந்தன.

அந்தச் சும்மாவைப் பயன்படுத்தியவர் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தின் மிரன் லிவ்னி. அவரது குழு 1988இல் அறிவித்த ‘காண்டார்’ என்னும் மென்பொருள், ஓய்ந்திருக்கும் கணினிகளைத் தேடிப்பிடித்துப் பணியைக் கொடுக்கும். உரிமையாளர் திரும்பிவந்து விசைப்பலகையைத் தொட்டால், வந்த விருந்தாளி வேலையை விட்ட இடத்தில் குறித்துக்கொண்டு வேறு வீடு பார்க்கும். 1998இல் இதே குழுவினர் வெளியிட்ட பொருத்தம் பார்க்கும் முறை எங்களை இன்றும் புன்னகைக்க வைப்பது. செய்தித்தாளின் வரிவிளம்பரங்களை முன்மாதிரியாகக் கொண்டார்கள். பணி ஒரு விளம்பரம் தரும்: இவ்வளவு நினைவகம் வேண்டும், இன்ன இயங்குதளம் வேண்டும், விரைவானதற்கு முன்னுரிமை. பொறியும் ஒரு விளம்பரம் தரும்: இரவு எட்டு மணிக்கு மேல்தான், எங்கள் துறையாருக்கு முன்னுரிமை. நடுவிலிருக்கும் தரகர் இரண்டையும் படித்துப் பொருந்துவனவற்றை அறிமுகம் செய்துவைப்பார். அதன்பின் இரு வீட்டாரும் நேரில் பேசி முடித்துக்கொள்ள வேண்டியதுதான். ஞாயிற்றுக்கிழமை மணமக்கள் தேவைப் பக்கத்தைப் புரட்டும் தமிழனுக்கு இதில் விளக்கவேண்டியது எதுவுமில்லை. பொறிக்கும் விருப்பு வெறுப்பு உண்டு என்று ஒப்புக்கொண்டதே இம்முறையின் சிறப்பு என்பது எங்கள் எண்ணம்.

பொருத்தம் பார்த்தாயிற்று, அடுத்து முறை. இங்கேதான் கணக்கு கடினமாகிறது. 30 பணிகளை 10 பொறிகளுக்குப் பங்கிட 1-க்குப் பின் 30 சுழி போட்ட அளவு வழிகள் உண்டு. எல்லாவற்றையும் சோதித்துப் பார்ப்பதற்குள் உலகம் முடிந்துவிடும். சுருக்கு வழி உண்டா? இத்தகைய முறைவைப்புச் சிக்கல்களுள் பல, மிகச்சிறந்த விடையை விரைவாகக் காணும் வழி எவருக்கும் தெரியாத வகையைச் சேர்ந்தவை என்று 1975இல் ஜெஃப்ரி உல்மன் காட்டினார். அவ்வழி இன்றுவரை கிடைக்கவில்லை. ஆகவே நடைமுறையில் எல்லோரும் கைவிதிகளையே நம்புகிறார்கள்.

அவற்றுள் இரண்டை மட்டும் சொல்வோம். தீபாவளிக்கு முந்தைய நாள் எங்கள் ஊர் மாவு மில்லைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். இரண்டு எந்திரங்கள். வரிசையில் மூன்று பெண்கள் ஆளுக்கொரு டின்னோடு நிற்கிறார்கள். ஒவ்வொன்றும் அரைபட 2 நிமிடம். நான்காவதாகக் கல்யாண வீட்டு மூட்டை. அதற்கு 6 நிமிடம். விரைவில் முடிவதை முதலில் எடு என்பது ஒரு விதி. அதன்படி டின்கள் 2, 2, 4 நிமிடங்களில் முடியும். மூட்டை 8ஆவது நிமிடத்தில் முடியும். பெரியதை முதலில் எடு என்பது மற்றொரு விதி. மூட்டை ஓர் எந்திரத்தில் ஏறிவிடும்; மூன்று டின்களும் அடுத்த எந்திரத்தில் 2, 4, 6 என முடியும். மில் 6ஆவது நிமிடத்திலேயே மூடலாம். மில்காரருக்கு இரண்டாவது விதி நல்லது. ஆனால் நால்வரின் காத்திருப்பையும் கூட்டிப் பாருங்கள்: முதல் விதியில் 16 நிமிடம், இரண்டாவதில் 18. மில் விரைவாக முடிகிறது. மக்கள் அதிகம் காத்திருக்கிறார்கள்.

துறையில் முதல் விதிக்கு ‘மின்-மின்’ என்றும் இரண்டாவதற்கு ‘மேக்ஸ்-மின்’ என்றும் பெயர். மின்-மின்னிலும் ஒரு கொடுமை உண்டு. சிறு டின்கள் வந்துகொண்டே இருந்தால் மூட்டைக்காரர் இரவு முழுதும் நிற்க வேண்டியதுதான். ஆங்கிலத்தில் இதற்குப் பட்டினி என்றே பெயர் வைத்திருக்கிறார்கள். டிரேசி பிரவுன் முதலானோர் 2001இல் இத்தகைய 11 விதிகளை ஒப்பிட்டு வெளியிட்ட கட்டுரை பலராலும் மேற்கோள் காட்டப்பட்டது. மரபணுப் படிமுறை முதலிடம் பெற்றது. எளிய மின்-மின் அதற்கு வெகு அருகில் வந்து நின்றது. அதன் பிறகு எறும்பு, தேனீ, பறவைக்கூட்டம் என உயிரியல் பூங்காவே முறைவைப்பு ஆய்வுக்குள் நுழைந்தது. விழுக்காட்டுக் கணக்கில் முன்னேற்றம் காட்டிய கட்டுரைகள் குவிந்தன. யாருடைய காத்திருப்பு குறைந்தது என்று கேட்டவை அவற்றுள் சிலவே.

கேட்டவர்களுள் இருவரை நினைவுகூர வேண்டும். ஆஸ்திரேலியாவின் ஜூடி கே, பியர்ஸ் லாடர் ஆகியோர் 1988இல் வெளியிட்ட ‘நியாயப் பங்கு’ முறையில், அண்மையில் மிகுதியாகப் பயன்படுத்தியவரின் முன்னுரிமை தானாகத் தாழும், காத்திருந்தவருடையது ஏறும். கணக்கு பொறியின் பெயரில் அன்று, ஆளின் பெயரில் வைக்கப்படுகிறது.

மற்றொன்று இடைவெளி நிரப்பல். 1995இல் அமெரிக்காவின் ஆர்கான் ஆய்வகத்தில் டேவிட் லிஃப்கா அமைத்தது. வரிசையின் முதலில் நிற்கும் பணிக்கு 64 கணினிகள் தேவை. இப்போது 40 மட்டுமே காலி. மீதி இரண்டு மணி நேரம் கழித்துத்தான் கிடைக்கும். அதுவரை 40-ஐ ஏன் சும்மா வைக்க வேண்டும்? பின்னால் நிற்பவருள் இரண்டு மணிக்குள் முடித்துவிடக்கூடியவரை உள்ளே விடலாம், முதல்வருக்கு நட்டமில்லை. அழகான ஏற்பாடு. ஆனால் ஒவ்வொருவரும் தம் பணிக்கு எவ்வளவு நேரம் ஆகும் என்று முன்கூட்டியே சொல்ல வேண்டும். சொன்ன நேரம் கடந்தால் பணி கொல்லப்படும். ஆகவே எல்லோரும் கூட்டிச் சொன்னார்கள். ஒரு மணி நேரப் பணிக்கு மூன்று மணி நேரம் எழுதினார்கள். பதிவேடுகளை ஆராய்ந்தவர்கள் இந்தப் பழக்கத்தை உலகெங்கும் கண்டார்கள். மனித சுபாவம் கணினி வரிசையிலும் மாறவில்லை.

இச்சுபாவத்தையே அடித்தளமாகக் கொள்ளலாம் என்று நினைத்தவர் இந்தியாவிலிருந்து ஆஸ்திரேலியா சென்ற ராஜ்குமார் புய்யா. மொனாஷ் பல்கலைக்கழகத்தில் டேவிட் ஆப்ரம்சனுடன் இணைந்து 2000இல் அவர் வெளிப்படுத்திய ‘நிம்ராட்-ஜி’யில் கணினி நேரத்துக்கு விலை உண்டு. பயனர் கெடுவையும் கைப்பணத்தையும் சொல்லிவிட வேண்டும். அவசரம் என்றால் விலை மிகுந்த பொறி. பணம் குறைவென்றால் மலிவான பொறி, கெடுவுக்குள் முடியும்வரை. துண்டுக்கடியில் விரல்பிடித்து மாடு விலைபேசும் தரகரின் இடத்தில் இங்கே ஒரு நிரல் உட்கார்ந்திருக்கிறது. தேவையை மிகைப்படுத்துவோர் அதற்குரிய விலையைத் தரவேண்டும் என்பதால் பொய் குறையும் என்பது இதன் நியாயம். சரிதான். ஆயினும் கையில் பணமில்லாதவரின் அவசரம் அவசரமே ஆகாதா என்ற கேள்வியைச் சந்தை தீர்ப்பதில்லை.

தென்மாவட்டங்களின் ஏரிப்பாசனத்தில் நீர்க்கட்டி என்றொருவர் இருந்தார். சில ஊர்களில் இன்றும் இருக்கிறார். மடை திறப்பதும், எந்த வயலுக்கு எவ்வளவு நேரம் என்று முறை வைப்பதும் அவர் வேலை. பெரும்பாலும் ஒடுக்கப்பட்ட சாதியினர், சொந்த நிலம் இல்லாதவர் அல்லது சிறிதளவே உள்ளவர். தம் வயலென்று ஒன்று இல்லாதவர் கையில் மடையை ஒப்படைத்தது ஊருக்கு வசதியான ஏற்பாடு. அவருக்கு எந்த அளவு வசதி என்பது வேறு கதை. எனினும் கிரிட் ஆய்வாளர்கள் நடுநிலைத் தரகர் என்று எதைத் தேடினார்களோ, அதன் மனித வடிவம் இது. கிரிட்டில் தரகர் நிரலை எழுதுபவரும் பெரும்பாலும் பொறிகளை வைத்திருப்பவரே.

இந்தியாவுக்கு வருவோம். 2000களின் நடுவில் சி-டாக் நிறுவனம் ‘கருடா’ என்னும் தேசிய கிரிட்டைத் தொடங்கியது. முதற்கட்டத்தில் 17 நகரங்களின் 45 நிறுவனங்கள் இணைக்கப்பட்டன. நிறுவனத்துக்கு வினாடிக்கு 10 அல்லது 100 மெகாபிட் வேக இணைப்பு. பதினேழில் சென்னை இருந்தது. சேலம் இருக்கவில்லை. குரோம்பேட்டை எம்.ஐ.டி. வளாகத்தில் தாமரைச்செல்வி சோமசுந்தரமும் அவரது ‘கேர்’ ஆய்வு மையத்தாரும் உருவாக்கிய தரகர் மென்பொருள் பற்றிய கட்டுரை 2010இல் வெளிவந்தது. பொருந்தும் பொறி இல்லையேல் மறுத்துவிடும் பழைய முறைக்கு மாற்றாக, இருக்கும் பொறிக்குள்ளேயே வேண்டிய வடிவில் ஒரு மெய்நிகர் பொறியை உருவாக்கித் தருவது அதன் புதுமை. தேடியும் வரன் அமையாவிட்டால் இருப்பவரையே பொருத்தமாக்கிவிடும் தந்திரம் என்று நண்பர் ஒருவர் சொன்னார்.

எங்கள் பக்கத்துக் கல்லூரிகளுக்கு வந்து சேர்ந்தது கிரிட் அன்று, கிரிட்டின் பாவனை. புய்யாவும் மன்சூர் முர்ஷெதும் 2002இல் வெளியிட்ட ‘கிரிட்சிம்’ என்னும் ஜாவா மென்பொருள் இலவசம். அதில் நூறு பொறிகள் இருப்பதாக எழுதிக்கொள்ளலாம். ஆயிரம் பணிகள் வருவதாக எழுதிக்கொள்ளலாம். யாருக்கு எவ்வளவு காத்திருப்பு என்று அது கணக்கிட்டுச் சொல்லும். சேலம், நாமக்கல் வட்டாரத்து முதுநிலை மாணவர்கள் பலர் தம் முறைவைப்பு விதிகளை இதிலேயே சோதித்தார்கள். நாங்களும் அவ்வாறே. நாங்கள் பயின்ற கல்லூரியின் ஆய்வகத்தில் நான்கு பேருக்கு ஒரு நல்ல கணினி. அதன் திரையில் மெல்போர்னும் சிகாகோவும் டோக்கியோவும் எங்கள் ஏவலுக்குக் காத்திருந்தன.

அப்போது மின்வெட்டுக் காலம். 2008இன் பிற்பகுதியில் தொடங்கிய தட்டுப்பாடு 2012இல் உச்சம் கண்டது. அவ்வாண்டு சென்னைக்கு நாளொன்றுக்கு இரண்டு மணி நேர வெட்டு; மாவட்டங்களுக்கு அறிவிப்பில் நான்கு மணி, நடப்பில் பத்து மணியையும் தாண்டிய நாட்கள் உண்டு. மின்வெட்டும் ஒரு முறைவைப்பே. எந்தப் பீடருக்கு எப்போது, எவ்வளவு நேரம் என்று எங்கோ ஒருவர் அட்டவணை போடுகிறார். தலைநகருக்கு முன்னுரிமை என்பது எழுதப்பட்ட விதி. விசைத்தறியாளர்களும் ஜவ்வரிசி ஆலைக்காரர்களும் அந்த அட்டவணையை மனப்பாடமாக வைத்திருந்தார்கள். நாங்களும்தான். யு.பி.எஸ். இருபது நிமிடம் தாங்கும். எங்கள் சோதனை ஓடி முடிய மூன்று மணி நேரம். ஆகவே சோதனையைத் துண்டு துண்டாக வெட்டி, ஒவ்வொரு துண்டின் விடையையும் கோப்பில் எழுதி, மின்சாரம் வந்ததும் அடுத்த துண்டைத் தொடங்குமாறு நிரலை மாற்றினோம். காண்டார் 1988இல் செய்ததை நாங்கள் மின்வாரியத்தின் புண்ணியத்தில் மறுபடி கண்டுபிடித்தோம். ஆய்வேட்டில் இதைப் பற்றி ஒரு வரியும் எழுதவில்லை. எழுதினால் ஏற்கமாட்டார்கள் என்று எங்கள் வழிகாட்டி கருதினார். இப்போது யோசித்தால், ஆய்வேட்டிலேயே உண்மையான முறைவைப்பு அதுவாகத்தான் இருந்திருக்கும்.

அதே 2012 ஜூலையில் வடநாட்டு மின்தொகுப்பு இருநாள் அடுத்தடுத்துச் சரிந்து கோடிக்கணக்கானோர் இருளில் மூழ்கினர்; தென்னகம் தப்பியது. அதே சீராக இணையாமல் தனித்து நின்றது அதற்கொரு காரணம். தனித்து நின்றதாலேயே வடக்கில் மிகுந்த மின்சாரத்தைத் தேவையான அளவு இங்கே கொண்டுவர முடியாமலும் இருந்தது. 2013 டிசம்பர் 31 அன்று ராய்ச்சூர்–சோலாப்பூர் தடத்தின் வழியே இரண்டும் இணைந்தன.

கணினி கிரிட்டின் கதையோ வேறு திசையில் போயிற்று. அது செழித்தது பொதுநோக்கம் கொண்டோரிடம். செர்ன் ஆய்வகத்தின் துகள் மோதுவியிலிருந்து வரும் தரவைப் பல பத்து நாடுகளின் கணினி மையங்கள் பங்கிட்டுக்கொள்கின்றன. மும்பையின் டாடா ஆய்வு நிறுவனமும் கொல்கத்தாவின் சைக்ளோட்ரான் மையமும் அதில் அடக்கம். 2012இல் அறிவிக்கப்பட்ட ஹிக்ஸ் துகளின் பின்னே இந்த முறைவைப்பும் இருக்கிறது. ஏனையோருக்கு அமேசான் 2006இல் திறந்த வாடகைக் கடை வசதியாகப் போயிற்று. பகிர்ந்துகொள்வது கடினம், வாடகை எளிது. புய்யாவின் விலைக்கணக்கு அங்கே பலித்தது. அவரது குழுவே 2009இல் ‘கிளவுட்சிம்’ என்று அடுத்த பாவனையை வெளியிட்டது. எங்களுக்குப் பின்வந்த மாணவர்கள் ஆய்வேட்டுத் தலைப்பில் கிரிட்டை எடுத்துவிட்டு மேகத்தைப் போட்டார்கள். உள்ளே மின்-மின் அப்படியே இருந்தது.

2022இல் திருச்சி தேசியத் தொழில்நுட்பக் கழகத்தில் ‘பரம் பொருள்’ என்னும் மீக்கணினி நிறுவப்பட்டது. திறன் 838 டெராபிளாப். எங்கள் ஊரிலிருந்து நாமக்கல் வழியே சில மணி நேரப் பயணம். அங்கே பயிலும் எங்கள் ஊர்த் தம்பி ஒருவர் சென்ற பொங்கலுக்கு வந்திருந்தபோது, பணிக்கோப்பில் எத்தனை மணி நேரம் என்று குறிப்பது என்று கேட்டார். சோதனை ஓட்டத்தில் எவ்வளவு ஆயிற்று என்றோம். நான்கு மணி என்றார். ஆறு எழுதுங்கள் என்றோம். கோயில் வாசலில் நின்றுகொண்டிருந்தோம். அவர் ஏற்கெனவே பன்னிரண்டு எழுதி அனுப்பிவிட்டிருந்தார்.